தெருவுக்கு வந்த இரைச்சல்

அந்த இடியை நான் நேரில் கேட்கவில்லை. ஞானதீபத்தின் ஹெட்போனிலிருந்து கசிந்த மிச்சத்தைத்தான் கேட்டேன். காய்ந்த தென்னமட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தது போல ஒரு சத்தம், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் வற்றிப்போன கிணற்று உருளை முனகுவது போல நீளமாக இன்னொன்று. தூத்துக்குடி டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் பெண்கள் வரிசையாகப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, கயிற்றைச் செருகி, கயிற்றைப் பிடுங்கி, "ஹலோ மதுரை, ஹலோ மதுரை" என்று காணாத ஊர்களை நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஐப்பசி மழையில் கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கம்பியில் இறங்கிய இடி, கம்பி வழியாகவே ஓடிவந்து, அத்தனை பேர் காது இருக்க, அவளுடைய இடது காதைத் தேர்ந்தெடுத்தது. அவள் கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்தாள், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள், மறுபடியும் மாட்டிக்கொண்டு, சுருக்கம் விழாத அதே குரலில், "மன்னிக்கணும் சார், லைன் கிடைக்கல, கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

அன்று காதுக்குள் போன முனகல் வெளியே வரவே இல்லை. அவள் சூப்பர்வைசரிடம் சொன்னாள். மழைக்காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்றார். கல்யாணமான பிறகு புருஷனிடம் சொன்னாள். தாவீது டிராயிங் மாஸ்டர், நல்ல மனுஷர் என்று ஊரே சொல்லும், அவர் அவள் காதில் தன் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கேக்கலியே, நீயா நினைச்சுக்கிடுதே" என்றார். காது டாக்டர் ஒரு டார்ச்சை அடித்து உள்ளே பார்த்துவிட்டு, உப்பைக் குறைக்கணும், காப்பியைக் குறைக்கணும், நல்லாத் தூங்கணும், எதையும் மனசில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். "இதையெல்லாம் விட்டுட்டு அப்புறம் எதுக்கு உசுரோட இருக்கணும்னு கேட்டியாட்டி?" என்று நான் கேட்டதற்கு, "கேக்கல வடிவு, சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றாள். அவள் வாழ்க்கை முழுக்கச் சொன்ன சொல் அது ஒன்றுதான்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்து, மகன் எட்வின் ஓசூரில் வேலைக்குப் போய், நானும் அவளும் ரிட்டயர் ஆன பிறகு, அவள் வீட்டுக்குப் பக்கத்து வீடு காலியானபோது நான் அங்கே குடிவந்தேன். கல்யாணம் என்று ஒன்று எனக்கு நடக்கவில்லை. நடக்காததைப் பற்றி இந்தக் கதையில் ஒன்றும் இல்லை. உப்பைக் குவித்து வைக்கிற கிட்டங்கிகள் ஒரு பக்கமும் வீடுகள் மறு பக்கமுமாக இருக்கும் அந்தத் தெருவில், வெயில் ஏறினால் கிட்டங்கி வாசலில் பனி மலை மாதிரி உப்பு மின்னும், லாரி வரும், லாரி போகும், காற்றில் நாக்கை நீட்டினால் கரிக்கும். எங்கள் கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி, சைக்கிள் எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிரும். மனிதர்கள்தான் உதிராமல் நெடுநாள் கிடப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாளைக் கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு ஞானதீபம் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் காதுக்குள் இருந்த இரைச்சல் வெளியே வந்தது.

வந்ததும் முதலில் தெரு செய்தது, ஒருவரையொருவர் மோட்டாரை அணைக்கச் சொன்னதுதான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போனது, ஒவ்வொரு மோட்டாராக அணைந்தது, எல்லா மோட்டாரும் அணைந்த பிறகும் இரைச்சல் நின்றபாடில்லை. மின்வாரியத்துக்குச் சொல்லி, ஆள் வந்து, டிரான்ஸ்பார்மரில் ஏறி, அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, இறங்கிவந்து, "இது எங்க சத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் பெரிய கிட்டங்கிக்காரரும் தெருச் சங்கத்துத் தலைவருமான இசக்கிமுத்து அண்ணாச்சி, மாட்டைத் தேடிப் போகிறவர் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நடந்து, ஞானதீபத்தின் வாசலில் வந்து நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

"டெலிபோனக்கா, உங்க வீட்டுல எதுவும் ஓடுதா?"

"இல்லியே அண்ணாச்சி." அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். "உங்களுக்குக் கேக்கா?"

"கேக்காவா? எம் பொண்டாட்டி திட்டுறதே கேக்க மாட்டேங்கு."

"உய்ய்ய்னு? நடுவுல நடுவுல கொஞ்சம் நடுங்கி?"

"அதேதான்."

ஞானதீபம் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படி ஒரு மலர்ச்சியை அவள் முகத்தில் அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. "இருங்க அண்ணாச்சி, எல்லாருக்கும் காப்பி போடுதேன்" என்று எழுந்தாள். போட்டுக் கொடுத்து, தானும் ஒரு டம்ளர் குடித்தாள். குடித்துக் கீழே வைப்பதற்குள் இரைச்சல் இன்னும் ஒரு முழம் உயர்ந்தது, அண்ணாச்சி டம்ளரை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"இன்னும் உள்ளேயும் கேக்குதாட்டி?" என்று பிறகு நான் கேட்டேன்.

"கேக்காம எங்க போவும்? இத்தன வருசம் ஒண்டியாக் கேட்டேன், இப்போ கூட்டமாக் கேக்கோம்."

அந்த இரைச்சலை ஒரே சத்தம் என்று சொல்ல முடியாது. நல்லாத் தூங்கி எழுந்த காலையில், வெண்கலப் பானைக்குள் அகப்பட்ட கொசு மாதிரி சன்னமாக, கேட்க விரும்பினால் மட்டும் கேட்கும். வெயில் ஏற ஏற, தூரத்தில் ரம்பத்தில் மரம் அறுப்பது மாதிரி ஆகும். கருவாடு சாப்பிட்டால் கப்பல் புறப்படும். ஜலதோஷம் பிடித்தால் சங்குக்குள் காற்று. தூக்கம் கெட்ட மறுநாள், பல் கூசும்படி, சிலேட்டில் ஆணி. சில நாள் உப்பும் இல்லை, காப்பியும் இல்லை, நல்ல தூக்கம், நல்ல மனசு, இருந்தும் காரணமே இல்லாமல் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். சில நாள் எல்லாத் தப்பையும் செய்துவிட்டு அவள் பயந்துகொண்டே இருக்க, பூனை மாதிரி சுருண்டு கிடக்கும்.

தெரு பழகிக்கொண்டது. பள்ளிவாசல்காரர்களும் கோயில்காரர்களும் ஒலிபெருக்கியை ஒரு திருகு கூட்டி வைத்தார்கள். லாரி டிரைவர்கள் எங்கள் தெருவில் ஹாரனை நம்புவதை விட்டுவிட்டுக் கையை வெளியே நீட்டி ஆட்டினார்கள். வழி கேட்டு வந்தவர்களுக்கு, சத்தத்துக்கு வலது பக்கம், சத்தத்துக்கு இடது பக்கம் என்று வழி சொன்னார்கள். இரைச்சலுக்கு முதலில் உபயோகம் கண்டுபிடித்தவள் நாலு வீடு தள்ளி இருந்த ஜன்னத். அவளுடைய கைப்பிள்ளை சுமையா, பிறந்ததிலிருந்து அழுகையை ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தது. ஒரு நாள் தாங்க முடியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தவள், ஞானதீபத்தின் வாசலுக்கு வந்தபோது பிள்ளை வாயை மூடி, கண்ணை மூடி, கழுத்தைத் தொங்கப்போட்டுத் தூங்கிவிட்டதைப் பார்த்தாள்.

"பெரியம்மா, இவ இங்கனயே கெடக்கட்டும், நான் போயி குளிச்சிட்டு வந்திருதேன்."

"சரிம்மா" என்றாள் ஞானதீபம்.

அதற்குப் பிறகு தெருவிலுள்ள கைப்பிள்ளைகள் எல்லாம் மத்தியானமானால் அவள் முன்னறைக்கு வந்தன. உத்தரத்தில் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. இரைச்சல் ரம்ப அளவில் இருந்தால் பிள்ளைகள் தூங்கும். கப்பல் அளவுக்குப் போனால் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்து அலறும். ஆகவே அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பது தெருவிலுள்ள எல்லாத் தாய்மாருக்கும் கவலையாகிவிட்டது.

உப்புதான் கூட்டுகிறது என்று டாக்டர் சொன்னதை நான் வாய்தவறிச் சொன்னதும், இசக்கிமுத்து அண்ணாச்சி அதைத் தன் குடும்பத்தின் மேல் விழுந்த பழியாக எடுத்துக்கொண்டார். "எந்த உப்பு? கடையில பாக்கெட்டுல விக்கானே, அந்த மாவு உப்பா இருக்கும். எங்க கல்லுப்பு தின்னு ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆனதில்ல." பரீட்சை வைத்தார். ஒரு நாள் அவள் குழம்பில் பாக்கெட் உப்பு, மறுநாள் அதே குழம்பில் அவருடைய பாத்தியில் விளைந்த கல்லுப்பு. தெருவே வாசலில் நாற்காலி போட்டுக் கேட்டது. இரண்டுக்கும் இரைச்சல் ஒரே அளவு ஏறியது. கல்லுப்புக்குத்தான் கொஞ்சம் கூடுதல் என்று ஜன்னத்தின் புருஷன் சொன்னதற்காக அண்ணாச்சி அவனிடம் வெகுநாள் பேசவில்லை. ஆனால் நேர்மையான மனுஷர். மறுநாளே வந்து அவள் சமையலறையிலிருந்த உப்பு ஜாடியைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போனார்.

ஊறுகாய் போயிற்று, அப்பளம் போயிற்று. கருவாட்டுக் கூடையோடு வரும் லூர்தம்மாளைத் தெருமுனையிலேயே மறித்து, வேறு தெரு வழியாகப் போகச் சொன்னார்கள். காப்பிக்கு அவள் என் வீட்டுக்குத் திருட்டுத்தனமாக வருவாள். கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, அரை டம்ளர் கொடுப்பேன். அவள் கண்ணை மூடிக் கடைசிச் சொட்டை உறிஞ்சும்போதே வெளியிலிருந்து அண்ணாச்சியின் குரல் வரும்: "வடிவக்கா, காப்பி குடுத்தீயளோ?"

"இல்லியே."

"பின்ன ஏன் பிள்ளையெல்லாம் எந்திச்சிட்டு?"

ஆனால் அந்த இரைச்சல் உப்புக்கும் காப்பிக்கும் மிஞ்சி உயர்கிற நேரம் வாரத்துக்கு ஒரு முறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவள் வீட்டுக்கு வந்ததும் ஓசூரிலிருந்து எட்வின் பேசுவான். "நல்லா இருக்கேன்பா. ஒரு குறையும் இல்ல. சரிப்பா. சரிப்பா" என்று அவள் பழைய ஆபரேட்டர் குரலில் பேசிக்கொண்டிருக்க, தெருவில் கொடியில் காயும் துணிகள் நடுங்கும், நாய்கள் எழுந்து பெரிய ரோட்டுக்குப் போய்விடும். "எட்வின் போன் பண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டு பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொள்வார்கள். எட்வின், அம்மாவின் போனில் இரைச்சல் என்று புது போன் வாங்கி அனுப்பினான். அதிலும் இரைந்தது. அதைவிட நல்லதாக இன்னொன்று அனுப்பினான். அவன் கெட்ட பையன் இல்லை. அம்மாவைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் வரும், அதற்குமேல் அவனுக்கு எப்படித் தெரியும்?

பிறகு அவன் நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனான். அங்கே யாரோ, உங்க அம்மா வீட்டுல ஏதோ சத்தமாமே என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் போனைக் காதுக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்ததால் அவன் பேசியது முழுக்க எனக்கும் கேட்டது. அடுத்த சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன் அம்மா, காதில் அப்படி ஒரு கோளாறு இருந்தால் தனியாக இருக்கக் கூடாது, என்னோடு வந்துவிட வேண்டியதுதான். வீட்டை இடித்துக் கிட்டங்கி கட்ட ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றால் இருங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சரிப்பா" என்றாள். மேஜையிலிருந்த மாஸ்டரின் படம் குப்புற விழுந்தது.

போனை வைத்துவிட்டுப் படத்தை நிமிர்த்தி வைத்தாள். "அங்க பதினோராவது மாடி வடிவு" என்றாள். "ஜன்னலத் திறந்தா ஒண்ணுமே இல்ல. காக்காகூட அவ்வளவு உயரம் வராது." அவள் போய்விட்டால் என் வீட்டு வாசலைத் திறந்தால் என்ன இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவுக்கு விஷயம் தெரிந்ததும் அன்று சாயங்காலமே கிட்டங்கி வாசலில் கூட்டம் போட்டார்கள். சனிக்கிழமை எட்வின் வரும்போது இரைச்சல் இருக்கக் கூடாது. குறைந்தது, கொசு அளவுக்காவது இறங்கியிருக்க வேண்டும். ஒரு வாரம் உப்பில் ஒரு கல்கூடக் கிடையாது. காப்பியின் வாசனைகூடக் கிடையாது. தெருவில் யாருமே காப்பி போடக் கூடாது. அண்ணாச்சி எழுந்து, எல்லாவற்றுக்கும் மேலான மருந்து ஒன்று இருக்கிறது, அது அமைதி என்றார். சத்தத்தால் வந்த நோய் சத்தம் இல்லாவிட்டால் போய்விடும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்.

"அண்ணாச்சி, அமைதி அவளுக்கு ஆகாது" என்றேன். "ரேடியோவுல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல முள்ள வச்சு, அந்த இரைச்சலப் போட்டுக்கிட்டுத்தான் அவ தூங்குவா."

"வடிவக்கா, நீங்க படிச்சவிய. உங்களுக்கு இது புரியாது."

அந்த வாரம் போல ஒரு வாரத்தை எங்கள் தெரு பார்த்ததில்லை. லாரிகளைப் பின்பக்க ரோட்டில் விட்டார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கியை அவிழ்த்து வைத்துவிட்டு, சாமியிடம் பூசாரி காதோடு காதாகப் பேசிக்கொண்டார். குக்கரில் வெயிட் போடக் கூடாது என்றார்கள்; தெரு முழுக்கப் பருப்பு வேகாமல் கிடந்தது. புருஷன் பொண்டாட்டிகள் கையாலும் கண்ணாலும் சண்டை போட்டு, சொல்ல முடியாத வசவுகளை அடுத்த வாரத்துக்குச் சேர்த்து வைத்தார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். கைப்பிள்ளைகளை ஆத்தா வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் நான் வாசலைத் திறந்தபோது, எதிரில் உப்புக் குவியலில் வெயில் பட்டு உப்புக் கல் விரிசல் விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

அந்த அமைதியின் நடுவில், மறைந்துகொள்ள ஒரு லாரிகூட இல்லாமல், ஞானதீபத்தின் இரைச்சல் வானத்துக்கும் பூமிக்குமாக எழுந்து நின்றது.

எட்வின் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நின்றுவிட்டான். "என்ன சத்தம் இது?"

"எது?" என்றார் அண்ணாச்சி.

"இதோ கேக்குதே."

"டிரான்ஸ்பார்மர்" என்றார் அண்ணாச்சி. "கடல்" என்றாள் ஜன்னத். "தேனீ" என்றான் அவள் புருஷன். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன.

உள்ளே அவனுக்கு இலை போட்டிருந்தாள். சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், முட்டை. எட்வின் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு மெல்ல நிமிர்ந்து பார்த்தான். சாம்பாரைத் தனியாக நக்கிப் பார்த்தான். "அம்மா, உப்பு போட மறந்துட்டீங்க."

"ஆமாப்பா, மறந்துட்டேன்."

"பொரியல்லயும் இல்ல."

"அதுலயுமா?"

"உப்பு எங்கம்மா இருக்கு, நான் எடுத்துக்கிடுதேன்." அலமாரியைத் திறந்தான், டப்பாக்களைத் திறந்தான், ஒரு கல் உப்பு வீட்டில் இல்லை. கை கழுவாமலே வாசலுக்குப் போய், அங்கே காத்துக்கொண்டிருந்த ஜன்னத்திடம், "அக்கா, கொஞ்சம் உப்பு இருந்தா குடுங்க" என்றான்.

"உப்பா?" ஜன்னத் அண்ணாச்சியைப் பார்த்தாள். "எங்க வீட்டுல உப்பு இல்லியே தம்பி."

"அண்ணாச்சி?"

"உப்பு நமக்கு எங்க கிடைக்கு" என்றார் அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் கிட்டங்கிக் கதவு திறந்திருந்தது, உள்ளே கூரை உயரத்துக்கு வெள்ளையாக ஒரு மலை.

எட்வின் உள்ளே வந்து உட்கார்ந்தான். அவன் முகம் வெளிறிவிட்டது. அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது, தெருவுக்குப் புத்தியே போய்விட்டது என்று அவன் முடிவு செய்துவிட்டான் என்பது தெரிந்தது. "அம்மா, நாளைக்கே கெளம்பிருவோம். துணிமணிய மட்டும் எடுத்து வைங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"சரிப்பா" என்றாள் ஞானதீபம்.

இரைச்சல் எழும்பியது. அடுக்களையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடந்தன. எட்வின் காதைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்த்து, சுவரைப் பார்த்து, கூரையைப் பார்த்து, கடைசியில் அம்மாவின் இடது பக்கத்தில் குனிந்து, மெல்லக் கையை எடுத்தான். அங்கிருந்துதான் வருகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, இது உங்ககிட்ட இருந்தா வருது?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா." இன்னும் ஒரு முழம் ஏறியது.

"என்கூட வாரதுல உங்களுக்கு இஷ்டம்தானம்மா?"

"இஷ்டம்தாம்பா." ஜன்னல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

எட்வின் இன்ஜினியர். கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துவிட்டு, ஒரு மிஷினைச் சோதிப்பது போல மெல்ல, தன் மனைவியிலிருந்து ஆரம்பித்தான். "ஓசூருக்கு வந்திருந்தப்போ பெனிட்டா சமையல் உங்களுக்குப் பிடிச்சுதா?"

"நல்லாத்தாம்பா இருந்துது." ஏறியது.

"பெனிட்டா மேல வருத்தமா?"

"சேச்சே, தங்கமான பிள்ளை." இரைச்சல் அசையவில்லை, கொஞ்சம் இறங்கக்கூடச் செய்தது. எட்வின் திகைத்துப்போனான். இத்தனை வருஷம் அதுதான் காரணம் என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது.

"நான் அனுப்புன போன்?"

"அருமையான போன்." மாடத்திலிருந்து தீப்பெட்டி விழுந்தது.

"அப்பா நல்லாத்தானே பாத்துக்கிட்டாங்க உங்கள?"

"உங்கப்பாவுக்கென்ன, நல்ல மனுசன்" என்றாள் அவள். அதற்கு எழும்பிய இரைச்சலில் மாஸ்டரின் படத்துக் கண்ணாடி குறுக்காக விரிந்தது. வாசலில் நின்றவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள்.

நான் அப்போது அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சரிக்கும், ஒவ்வொரு நல்லதுக்கும், அவள் கடைவாய்ப் பற்கள் கொட்டைப் பாக்கை நெரிப்பது போல இறுகுவதும், காதோரம் ஒரு நரம்பு புடைப்பதும் தெரிந்தது. பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, திட்டுகிற வியாபாரிக்கும் அழுகிற தகப்பனுக்கும் ஒரே குரலில் பதில் சொல்வதற்காக நாங்கள் எல்லோரும் பழகிய வித்தை அது. மற்றவர்கள் வேலையை விட்டதும் இறுக்கிய பல்லையும் விட்டுவிட்டார்கள்.

"தீபம்" என்றேன், "பல்ல விடுட்டி."

அவள் என்னைப் பார்த்தாள். எட்வினைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு, "எனக்கு வர இஷ்டமில்ல எட்வின்" என்றாள்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கரகரவென்று, சுருக்கம் சுருக்கமாக, உபயோகிக்காமல் மடித்து வைத்த துணி மாதிரி இருந்தது. கப்பல் ரம்பமாயிற்று, ரம்பம் கொசுவாயிற்று. வாசலில் நின்றவர்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

எட்வின் இலையைப் பார்த்துவிட்டு, "அப்போ உப்பு?" என்றான்.

"உப்பெல்லாம் இந்த அண்ணாச்சி தூக்கிட்டுப் போயிட்டாரு" என்று அவள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள். திறந்த வாயை மூட அவளுக்கு மனசு வரவில்லை. "அண்ணாச்சி, உப்பு ஜாடியக் கொண்டாரும். ஓசியில ஒரு பொம்பளையப் பட்டினி போட்டு அமைதி வளக்கீரு. உம்ம கல்லுப்பு கசக்கு, உங்கப்பா காலத்துலேருந்தே கசக்கு. ஏ ஜன்னத்து, நான் என்ன தொட்டில் கம்பா? பிள்ளைய விடுதே சரி, மூத்திரத் துணியையும் விட்டுட்டுல்ல போறே. உம் புருசன் ஒருத்தன் தேனீங்கான், அவன வேலைக்குப் போவச் சொல்லு." ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் இறங்கிக்கொண்டே போக, தெருவின் முகங்கள் ஏறிக்கொண்டே போயின. கடைசியில் என் பக்கம் திரும்பினாள். "நீ ஒருத்தி, அரை டம்ளர் காப்பிதான் தருவே, அதுலயும் பாதி தண்ணி."

அன்று சாயங்காலம் நான் முழு டம்ளர் கொடுத்தேன். எட்வினும் குடித்தான். மறுநாள் காலை அவன் தனியாக ஓசூருக்குப் போனான். போகும்போது, "ஞாயித்துக்கிழமை போன் பண்ணட்டாம்மா?" என்று கேட்டான். "பண்ணு. ஆனா எங்கிட்டயும் ஏதாவது கேளு, நீயே பேசிட்டு வச்சிராத" என்றாள். அவன் சரிம்மா என்று சொல்லிவிட்டு, தன் தாடையை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

அதன் பிறகு தெருவுக்கு ஒரு சங்கடம் வந்தது. இரைச்சல் கொசு அளவிலேயே கிடந்ததால் கைப்பிள்ளைகள் தூங்கவில்லை. அவள் நாக்கு எழுந்துவிட்டதால் பெரியவர்களும் தூங்கவில்லை. அவள் வாசலைக் கடந்து போகிறவர்களின் நடை, உடை, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றுக்கும் உண்மையான அபிப்பிராயம் கிடைத்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கிட்டங்கி வாசலில் கூட்டம் போட்டார்கள். இரைச்சலோடு மரியாதையான டெலிபோனக்கா வேண்டுமா, இரைச்சல் இல்லாமல் இந்த டெலிபோனக்கா வேண்டுமா என்று பேசினார்கள், ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. கடைசியில் லூர்தம்மாளை மறுபடியும் தெருவுக்குள் விட்டார்கள். பிள்ளைகள் ரொம்ப அழுகிற நாளில் ஜன்னத்தே காசு கொடுத்து நெத்திலிக் கருவாடு வாங்கி, வறுத்து, தட்டில் மூடிக் கொண்டுவருவாள்.

"பெரியம்மா, கொஞ்சம் தின்னுங்க. இவ நேத்துலேருந்து கண்ணை மூடல."

"உப்பு பத்தல" என்பாள் ஞானதீபம், தின்றுகொண்டே.

சில நாள் கருவாடு தின்றாலும் ஏறாது. சில நாள் ஒன்றும் தின்னாமல், ஒரு பொய்யும் சொல்லாமல், வெறுமனே கிழக்கே பார்த்து உட்கார்ந்திருக்கும்போது ஏறிவிடும். ஏன் என்று அவளிடம் கேட்டால், எனக்கென்ன தெரியும், அதைப் போய்க் கேள் என்பாள். நானும் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய இடது பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

ஞானதீபம் அந்த வீட்டிலேயே இன்னும் ஆறு வருஷம் இருந்து, மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். காதுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார்.